மோட்டார் வந்த நாள்: ஒரு பழைய ஒளிப்படமும் கிராமத்து நினைவும்

தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் 1980-க்கு முன் எடுத்த ஒளிப்படங்களைப் பாயில் பரப்பி வைத்துப் பார்த்தால் ஒன்று சட்டென்று புலப்படும். அவற்றில் யாரும் வேலை செய்வதில்லை. களை வெட்டுபவர் இல்லை, தண்ணீர் கட்டுபவர் இல்லை, ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்திருப்பவர் இல்லை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுதல், பட்டாளத்துக்குப் புறப்படும் மகன், பாடையில் கிடத்திய பெரியவர் என்று நல்லதும் கெட்டதுமான நாட்கள்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் படத்தைக் கையில் எடுத்தவர் பேசத் தொடங்கினால் வருவது வேறு கதை. கம்பு இடித்த உலக்கைச் சத்தம், ஆடு மேய்த்த காடு, கிணற்றில் குதித்த மதியம். படம் ஒரே ஒரு நாளைக் காட்டுகிறது. பேச்சோ மற்ற எல்லா நாட்களையும் பற்றியது.

கிராமத்துப் பால்யம் பற்றிய நம் ஏக்கம் இந்த இடைவெளியில்தான் உருவாகிறது. அதில் நாமே கண்டது எவ்வளவு, பிறர் சொல்லக் கேட்டது எவ்வளவு, அந்தப் படத்தில் நிற்க இடம் கிடைத்தவர்களுக்கு மட்டுமே உரியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியுமா? எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு படத்தை வைத்து முயன்று பார்க்கிறேன்.

கேமரா யார் வீட்டுக்கு வந்தது?

ஒளிப்பட முறை பாரிசில் அறிவிக்கப்பட்டது 1839-இல். 1856-இல் மெட்ராசிலேயே ஒரு ஒளிப்படச் சங்கம் தொடங்கிவிட்டது. 1858-இல் லினேயஸ் டிரைப் மெட்ராஸ் அரசுக்காக மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் கோயில்களையும் கட்டடங்களையும் படம் பிடித்தார். கற்களுக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு கிராமத்து மனிதருக்குக் கிடைக்கவில்லை. அவர் கேமராவுக்குள் வந்தது ஒரு வகைமாதிரியாகத்தான். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’விலும், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலிலும் மனிதர்கள் பெரும்பாலும் சொந்தப் பெயர் இல்லாமல், சாதிப் பெயரின் கீழ் நிற்கிறார்கள்.

தானே விரும்பி, காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நகரத்து ஸ்டூடியோக்கள் வழியாகப் பரவியது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின் உதவியோடு, தமிழகத்து ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த பழைய படங்களைத் திரட்டி மின்படியாக்கியிருக்கிறது. வரைந்த திரைச்சீலை, நாற்காலி, மேசைமேல் பூச்சாடி, கையில் புத்தகம் என ஸ்டூடியோ படம் ஒரு குடும்பம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதைச் சொல்கிறது. எப்படி வாழ்ந்தது என்பதை அது சொல்வது அபூர்வம்.

கிராமத்துக்குக் கேமரா வருவதற்கு இன்னொரு தடையும் இருந்தது: செலவு. 120 ரகச் சுருளில் சதுரமாக எடுத்தால் பன்னிரண்டு படங்கள்தான் தேறும். ஃபிலிமுக்கும் தாளுக்கும் இறக்குமதியை நம்பியிருந்த காலம் அது. உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகுதான் ‘இந்து’ என்ற பெயரில் உள்நாட்டுச் சுருள்கள் கிடைத்தன. டவுனிலிருந்து வரும் போட்டோக்காரர் ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணித்தான் அழுத்துவார். போதாக்குறைக்குப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற அச்சம் வேறு. ஆகவே கேமராவைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டும். கூப்பிடுவதற்கு ஒரு வசதியும் வேண்டும்.

இது நமக்கு மட்டும் உரிய கதை அல்ல. பிரெஞ்சுச் சமூகவியலர் பியர் பூர்தியூ, தான் பிறந்த பெயார்ன் பகுதியின் விவசாயிகளிடையே ஒளிப்படம் புழங்கிய விதத்தை 1960-களில் ஆராய்ந்தார். கல்யாணம் போன்ற சடங்குகளின் பகுதியாகவே படம் அங்கே நுழைந்தது என்றும், மனிதர்கள் நேராக நிமிர்ந்து முகம் காட்டி நின்றது தங்கள் மதிப்பைத் தாங்களே நிறுவிக்கொள்ளும் முறை என்றும் அவர் கண்டார். விறைப்பாக நிற்பது கூச்சத்தின் அடையாளம் என்று நாம் நினைக்கிறோம். அது மரியாதையின் அடையாளம் என்றார் அவர்.

ஒரு படம், அதன் தேதி

எங்கள் படம் கொங்குப் பகுதித் தோட்டம் ஒன்றில் எடுத்தது. சுண்ணாம்பு அடித்த புது மோட்டார் ரூம். கதவருகே ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருக்கிறது. நடுவில் நாற்காலியில் அப்பாரு (அப்பாவின் அப்பா), தோளில் மடித்த துண்டு. இருபுறமும் அப்பாவும் சித்தப்பாவும். பின்னால் முந்தானையை இழுத்துச் செருகியபடி அம்மாவும் சித்தியும். முன்னால் பாவாடை சட்டையில் அக்கா. அப்பாருவின் முழங்காலைப் பிடித்தபடி நான். எல்லாருடைய கண்ணும் இடுங்கியிருக்கிறது. சூரியன் எதிரே இருக்கும்படி நிறுத்தி எடுப்பது அக்காலத்துப் போட்டோக்காரர்களின் வழக்கம். நிழல்கள் நீண்டு பின்னால் விழுகின்றன, காலை வேளை. குழாயிலிருந்து தொட்டியில் விழும் தண்ணீர் மட்டும் துளி துளியாகத் தெரியாமல் வெள்ளைப் பட்டையாக இழுபட்டிருக்கிறது. மனிதர்கள் அசையவில்லை, தண்ணீர் அசைந்திருக்கிறது. அதாவது படம் எடுத்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

படத்தின் பின்புறம் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கிறது, தேதி இல்லை. தேதியை மின்வாரியம் கொடுத்த அட்டை தருகிறது: தோட்டத்துக்குச் சர்வீஸ் கிடைத்தது 1967-இல். அந்த ஆண்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு உண்டு. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியதும் கோவையின் மில்களோடு சுற்றுப்புறக் கிணறுகளுக்கும் மின்சாரம் போயிற்று. 1957-இல் மாநில மின்வாரியம் அமைந்தது. 1960-களின் நடுவில் நாடு அடுத்தடுத்து வறட்சியைக் கண்டபின், கிராமத்து மின்சாரத்தில் விளக்கைவிடப் பாசனத்துக்கு முன்னுரிமை என்று மத்திய அரசின் கொள்கை மாறியது. மின்மோட்டார் எண்ணிக்கையில் அன்றைய மெட்ராஸ் மாநிலம் நாட்டில் முன்னணியில் இருந்தது. எங்கள் வீட்டு விழா என்று நாங்கள் நினைத்தது இந்தப் பெருமாற்றத்தின் ஒரு துளி.

நினைவு எங்கிருந்து வருகிறது?

இந்தப் படத்தைப் பார்த்து அக்கா ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு மூன்று. மோட்டாருக்கு முன்பு அந்தக் கிணற்றில் எருது பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓடியது அவளுக்குத் தெரியும். உருளை கிறீச்சிடுவதும், எருதுகள் பின்னோக்கி ஏறி வருவதும் அவள் கண்டவை. நான் அவற்றை அப்பத்தா வாயால் கேட்டிருக்கிறேன். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியவற்றைப் பெரியவர்களால் தொடர்ச்சியாக நினைவுகூர முடிவதில்லை என்று உளவியல் ஆய்வுகள் நெடுங்காலமாகச் சொல்கின்றன. ஒரே படத்தில் நிற்கும் இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு கிராமங்கள்.

நினைவின் மீது படத்துக்கு உள்ள பிடி எவ்வளவு வலுவானது என்பதை 2002-இல் நியூசிலாந்தில் கிம்பர்லி வேடும் மேரியன் கேரியும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனை காட்டியது. இருபது பேரிடம் அவர்களின் சிறுவயதுக் குடும்பப் படங்களைக் காட்டினார்கள். ஒன்று மட்டும் பொய்யாக ஒட்டிச் சேர்த்தது: வெப்பக்காற்றுப் பலூனில் அந்தக் குழந்தை பறப்பது. மூன்று நேர்காணல்கள் முடிந்தபோது பாதிப்பேர் நடக்காத அந்தப் பயணத்தை முழுதாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தார்கள். ஆனால் கேரியும் வேடும் 2005-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இன்னும் சுவையானது. பொய்ப் படத்தைக் காட்டியதைவிட, அதே நிகழ்ச்சியைச் சில வரிக் கதையாகப் படிக்கக் கொடுத்தபோது பொய் நினைவுகள் கூடுதலாக உருவாயின. கதை இடைவெளி விடுகிறது. கேட்பவர் அதைத் தன் சரக்கால் நிரப்பிக்கொள்கிறார். அப்பத்தாக்களின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்னொரு குறிப்பும் பயன்படும். 1983-இல் நிக்ரோவும் நைசரும் நினைவுகளை இரண்டாகப் பிரித்தார்கள்: சம்பவத்தை அன்று கண்ட கண்ணாலேயே பார்ப்பது ஒன்று, தன்னையும் ஒரு பாத்திரமாக வெளியிலிருந்து பார்ப்பது மற்றொன்று. பழைய நினைவுகள் இரண்டாவது வகையில் அமைவது அதிகம். நம் சிறுவயதுக் காட்சியில் நாமே ஓடி வருவதைப் பார்க்கிறோம் என்றால், அந்தக் காட்சி பின்னால் கட்டப்பட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் அது பொய்யாகிவிடாது. ஒரு குடும்பம் பல ஆண்டுகள் பேசிப் பேசிச் சேர்த்த கூட்டுச் சொத்து அது. பிரெஞ்சுச் சமூகவியலர் மொரீஸ் ஆல்ப்வாக்ஸ் 1925-இல் முன்வைத்த கருத்தும் இதுவே: தனிமனிதர் நினைவுகூர்வதற்கே சமூகத்தின் சட்டகங்கள் வேண்டும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கூட்டில் யார் யார் இருந்தார்கள் என்பது.

நிற்காதவர்கள்

எங்கள் படத்தில் அத்தை இல்லை. அப்பாருவின் மூத்த மகள், இளவயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். அன்றைய பூஜைக்குச் சோறாக்கியவர் அவர்தான் என்று அக்கா சொல்கிறாள். மங்கலக் காரியத்தில் கைம்பெண் முன்னால் வரக்கூடாது என்ற வழக்கம் கேமராவுக்கும் பொருந்தியது. வீட்டில் மிக அதிகமாக உழைத்தவர் ஆல்பத்தில் மிகக் குறைவாக இருக்கிறார்.

கவலை ஓட்டியவரும் இல்லை. அவர் இல்லாததன் பொருளை அறியக் கவலையின் இயக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிணற்றின் விளிம்பில் உருளை. அதன்மேல் ஓடும் வடத்தின் ஒரு முனையில் நீர் மொள்ளும் சால், மறுமுனையில் நுகத்தடி. எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். ஓட்டுபவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தன் எடையையும் கூட்டுவார். சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட வால். அதைத் தனிக் கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். விளிம்புக்கு வந்ததும் வால் நீண்டு தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். பிறகு எருதுகள் பின்னோக்கி நடந்து மேலே ஏற வேண்டும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இது திரும்பத் திரும்ப நடக்கும்.

அந்தத் தோல் இல்லாமல் கவலை இல்லை. தோலைப் பதப்படுத்தி, தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுத் தந்தவர்கள் அருந்ததியர். கோவை மாவட்டத்தில் நிலம் வைத்திருந்தோருக்கும் மாதாரிகள் என்று அழைக்கப்பட்ட இம்மக்களுக்கும் இடையிலான உறவை சுவீடன் வரலாற்றாசிரியர் குன்னெல் செடெர்லொஃப் 1997-இல் வெளிவந்த ‘பாண்ட்ஸ் லாஸ்ட்’ என்ற நூலில் ஆராய்ந்திருக்கிறார். 1900 முதல் 1970 வரையிலான காலத்தைப் பேசும் அந்நூல், கிணற்றுப் பாசனத்தின் தோல் வேலையும் பண்ணைய வேலையும் ஒரே கட்டாகப் பிணைந்திருந்ததையும், மின்மோட்டார் வந்தபின் அந்தக் கட்டு அவிழ்ந்ததையும் காட்டுகிறது. அக்கட்டில் அடிமைத்தனமும் இருந்தது, ஆண்டுக்கு இத்தனை வள்ளம் தானியம் என்ற உறுதியும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே போயின.

ஆக, எங்கள் குடும்பம் மாலை போட்டு வரவேற்ற நாள் இன்னொரு குடும்பத்துக்கு வேலை முடிந்த நாள். அப்பாரு கொடியவர் என்பதல்ல இதன் பொருள். எருதுகளுக்கும் ஆளுக்கும் ஓய்வு வந்தது. வாழையும் மஞ்சளும் கூடுதலாக விளைந்தன. பண்ணையத்தில் இருந்து விடுபட்டவர்களின் பிள்ளைகள் கட்டட வேலைக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் போனார்கள். 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் காகிதத்தில் செய்ததில் ஒரு பகுதியை மோட்டாரும் தையல் எந்திரமும் நடைமுறையில் செய்தன. இத்தனையும் அந்தப் படத்தின் பொருள்தான். ஆனால் படத்துக்குள் இருப்பவர்களின் பேச்சிலிருந்து மட்டும் இது கிடைக்காது.

யாருடைய ஏக்கம்?

1961-இல் தமிழ்நாட்டு மக்களில் நகரங்களில் வாழ்ந்தோர் நூற்றுக்கு 27 பேருக்கும் குறைவு. 2011-இல் அது 48-ஐத் தாண்டிவிட்டது. ஊரை விட்டு வந்த இத்தனை பேர் இருக்கையில் கிராமத்து நினைவு ஒரு பெரும் எழுத்து வகையாக வளர்ந்ததில் வியப்பில்லை. அந்த எழுத்தில் தவறாமல் வரும் காட்சி கிணற்று நீச்சல்: இடுப்பில் கட்டிய சுரைக்குடுக்கை, திட்டிலிருந்து குதிப்பு, கண் சிவக்க வீடு திரும்புதல். நானும் அப்படித்தான் நீந்தக் கற்றேன். ஆனால் எங்கள் வட்டாரக் கிணறுகளில் அருந்ததியர் வளவுப் பிள்ளைகள் இறங்க முடியாது. அவர்களுடைய வெயில் காலத்தில் அந்தக் கிணறு ஒரு தடையாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் பக்கத்துப் பால்யம் தமிழ் எழுத்தில் தாமதமாகவே வந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தது, கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005-இல். இதே கொங்குப் பகுதியில் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியச் சிறுவனை மையமாக வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய நாவல் ‘கூளமாதாரி’ 2000-இல் வந்தது. இவற்றிலும் காடும் விளையாட்டும் கள்ளச் சிரிப்பும் உண்டு. சந்தோஷம் ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குப் பக்கத்திலேயே அடியும் பசியும் அவமானமும் நிற்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு ஊரை நினைக்க அவர்களால் முடியாது. நமக்கு முடிகிறது என்றால், அது நினைவாற்றலின் தூய்மையால் அல்ல, நாம் நின்ற இடத்தால்.

மோட்டாரின் கதைக்கு ஒரு பிற்பகுதியும் உண்டு. மின்சாரம் வந்ததும் கிணறுகள் ஆழமாயின. பிறகு ஆழ்குழாய்கள் வந்தன. 1990-இல் விவசாய மின்சாரம் எல்லாருக்கும் இலவசமானது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் துளையிடப் போயின. எங்கள் திறந்த கிணற்றில் இன்று தண்ணீர் இல்லை. “அந்தக் காலத்தில் எவ்வளவு தண்ணீர்!” என்று இந்தப் படத்தைப் பார்த்து உறவினர்கள் பெருமூச்சு விடும்போது, தண்ணீர் வற்றத் தொடங்கிய காலத்தின் வாசலில்தான் நாம் எல்லாரும் நிற்கிறோம் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை

கிராமத்தைப் பற்றிய பதிவு நம்மிடம் குறைவாக இல்லை. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைக் கிராம ஆய்வுக்கு அனுப்பினார். அவை 1918-இல் நூலாயின. அவற்றுள் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டு 1937, 1961, 1981 ஆகிய ஆண்டுகளை ஒட்டியும் 2008-இலும் மறுபடி ஆராயப்பட்டது. ஒரே ஊரை ஏறத்தாழ நூறாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உலகிலேயே அரிது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மெட்ராஸ் மாநிலத்தின் பல கிராமங்களுக்குத் தனித்தனி ஆய்வேடுகள் வெளியிடப்பட்டன. வீட்டமைப்பு, கருவிகள், நகைகள், கடன் எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் கணக்கெடுப்புக்குக் கிறீச்சிடும் உருளையின் ஓசை தெரியாது. குழந்தையின் பயம் தெரியாது.

பெரிதும் நினைவை வைத்தே ஒரு ஊரை எழுத முடியும் என்பதற்கு எம்.என். சீனிவாசின் நூல் சான்று. மைசூர்ப் பகுதியின் ராம்புரா என்று அவர் பெயரிட்ட ஊரில் 1948-இல் தங்கி ஆய்வு செய்தார். பகுத்துத் தொகுத்த அவருடைய குறிப்புகள் 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்தன. அதன்பின் பெரிதும் ஞாபகத்திலிருந்தே எழுதிய ‘தி ரிமெம்பர்டு வில்லேஜ்’ 1976-இல் வந்தது. அது புகழப்பட்டது, அதே வேளையில், ஊரின் மேல்தட்டு வீடுகளுக்கு நெருக்கமான இடத்திலிருந்து பார்த்த பார்வை என்ற விமர்சனத்தையும் சந்தித்தது. தேர்ந்த ஆய்வாளரின் நினைவுக்கே இந்தச் சாய்வு உண்டென்றால் குடும்ப ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பழைய படம் ஒரு விடைத்தாள் அல்ல, வினாத்தாள். யார் கூப்பிட்டு இது எடுக்கப்பட்டது, யார் எந்த வரிசையில், யார் இல்லை, அந்த நேரத்தில் இல்லாதவர் எங்கே இருந்தார் என்று அதனிடம் கேட்கலாம். தேதியை மின் அட்டையிலும் பட்டாவிலும் கல்யாணப் பத்திரிகையிலும் தேடலாம். இப்போது வண்ணம் ஏற்றும் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவை அம்மாவின் சேலைக்கு ஊகத்தில் ஒரு நிறம் கொடுக்கும், அடுத்த தலைமுறை அதையே நிஜம் என்று நினைவில் வைக்கும். அசலைத் தொடாமல் தனியே வைத்து, பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதி வைப்பது எந்தச் செயலியையும்விட நல்ல ஆவணப்பணி.

பெயர் எழுதத் தொடங்கினால் வேலை வீட்டோடு முடியாது. 1960-இல் இருபது வயதில் கவலை ஓட்டியவருக்கு இன்று எண்பதுக்கு மேல். அவர்களுள் பலரிடம் இளமைக்காலப் படம் ஒன்றுகூட இருக்காது. வாக்காளர் அட்டையில் இருப்பதே பழைய படமாக இருக்கலாம். ஒளிப்படங்களைத் திரட்டும் முயற்சிகள் இயல்பாகவே படம் உள்ள வீடுகளைத் தேடிப் போகின்றன. ஒரு ஊரின் பால்யத்தை முழுதாக எழுத விரும்புகிறவர் ஒலிப்பதிவுக் கருவியோடு முதலில் போக வேண்டியது படம் இல்லாத வீடுகளுக்கு. நம் ஆல்பத்தில் உள்ள நாளைப் பற்றி அவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கும், அது நம் கதையோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். ஒத்துப்போகாத அந்த இடத்திலிருந்துதான் ஊரின் வரலாற்றை எழுதத் தொடங்க முடியும்.